பட்டியலுக்கும் தரம் வேண்டும்

போடிநாயக்கனூரிலும் மலைக்கு அப்பால் புற்றடியிலும் நடைபெறும் ஏலக்காய் ஏலத்தின் நிலவரத்தை, ஸ்பைசஸ் போர்டு என்று நம்மவர் வழங்கும் நறுமணப் பொருள் வாரியம் நாள்தோறும் வெளியிட்டு வருகிறது. ஏலத் தேதி, ஏலம் நடத்திய நிறுவனம், லாட்டுகளின் எண்ணிக்கை, வந்து சேர்ந்த காய் எத்தனை கிலோ, விற்பனையானது எத்தனை கிலோ, உச்ச விலை, சராசரி விலை என்னும் இவ்வளவே அப்பட்டியலின் பத்திகள். குரங்கணியிலும் போடிமெட்டிலும் இருந்துகொண்டே நம் அங்கத்தினர்கள் இதைக் கைபேசியில் பார்த்துவிடுகிறார்கள். தமிழில் செடியின் பெயரும் ஏலம், கூவி விற்பதும் ஏலம். பின்னது போர்ச்சுக்கீசியர் வழி வந்த சொல்லாம். இவ்விரண்டு ஏலமும் ஓரிடத்தில் கூடிய ஊர் நம்முடையது.

இச்சிறு பட்டியலைக் கொண்டே நாம் சொல்ல வந்ததைத் தொடங்குவோம். இதில் தேதி இருக்கிறது, அளவு கிலோவில் என்பது இருக்கிறது, விலை கிலோவுக்கு ரூபாய் என்பதும் இருக்கிறது. வந்ததையும் விற்றதையும் தனித்தனியே காட்டியிருப்பது மிகவும் போற்றத்தக்கது. ஆயினும் இதைப் பார்த்து நம்மவர் செய்துகொள்ளும் கணக்குகள் எத்தனை விதமாகத் தவறிப்போகின்றன! 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய்க்கு ஏலக்காய் விலை போயிற்று. அது ஒரு லாட்டுக்குக் கிடைத்த உச்ச விலை. அன்றைய சராசரியோ அதற்கு வெகு கீழே நின்றது. ஆனால் ஊரெல்லாம் பேசப்பட்டது ஏழாயிரம் மட்டுமே. கடன் கொடுத்தவனும் ஏழாயிரத்தை நினைத்துக்கொண்டுதான் விவசாயியின் வாசலில் வந்து நின்றான். உச்சமும் சராசரியும் இருக்கிற பட்டியலில் மிகக் குறைந்த விலைக்கு ஒரு பத்தி இல்லாமற் போனது ஏன் என்று கேட்கும் உரிமை, குறைந்த விலைக்கு விற்றவனுக்கு உண்டு.

நிற்க. வாரியத்தின் பட்டியலில் குற்றம் காண்பது நம் நோக்கமன்று. நம் சொந்தச் சங்கங்களில் கணினியிலிருந்து நாள்தோறும் எடுக்கப்படும் பட்டியல்கள் இந்த அளவுக்குக்கூட ஒழுங்கில்லாமல் இருக்கின்றன என்பதே நம் கவலை. 2007-ஆம் ஆண்டில் ஏலம் மின்னணு முறைக்கு வந்தது. 2022 ஜூன் மாதத்தில், நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினி மயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பு, பாவு வழங்கல், கூலிப் பட்டுவாடா யாவும் கணினிக்கு ஏறி வருகின்றன. கணக்கு உள்ளே போவதற்கு ஆயிரம் விதிகள் வகுத்தாயிற்று. வெளியே வரும் காகிதத்துக்கு மட்டும் விதி இல்லை. யார் கேட்டாலும், எப்படிக் கேட்டாலும், ஏதோ ஒரு பட்டியல் அச்சாகி வந்துவிடுகிறது. அச்சில் இருப்பதால் அதை எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்.

நம் பகுதிச் சங்கம் ஒன்றில் நடந்ததைச் சொல்லுவோம், பெயர் வேண்டா. அங்கத்தினர் ஒருவர் 50,000 ரூபாய் கடன் வாங்கி மூன்று தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தார். புதுக் கடன் கேட்டுச் சென்றபோது, அவர் பெயரில் 1,50,000 ரூபாய் கடன் இருப்பதாகப் பட்டியல் கூறிற்று. காரியதரிசி நல்லவர்தாம், பொய் சொல்லவில்லை. பட்டியலைத் தயாரித்த பிள்ளை கடன் பேரேட்டையும் வரவுப் பேரேட்டையும் கணினியில் இணைத்திருக்கிறான். மூன்று ரசீதுகள் இருந்தமையால் கடன் வரி ரசீதுக்கு ஒரு முறையாக மூன்று முறை வந்து நின்றது. கூட்டியபோது ஐம்பது நூற்றைம்பதாயிற்று. கணினி தான் கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியாகவே விடை சொன்னது, கேள்வி தவறு. இந்த விவரம் தெரிய ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் ஸ்டோருக்கு விறகு வாங்கும் காலமும் கடந்துபோயிற்று. அவர் வெளியில் வட்டிக்கு வாங்கினார்.

இதில் மிகவும் வருந்தத்தக்கது எது? தவறு நேர்ந்தது அன்று. தவறு எங்கே நேர்ந்தது என்று பார்ப்பதற்கு ஒரு துண்டுக் குறிப்புக்கூட இல்லாதிருந்தது. பட்டியலைச் செய்த பிள்ளை வேறு வேலைக்குப் போய்விட்டான். அவன் எந்தப் பேரேடுகளை எப்படி இணைத்தான் என்பது அவன் தலையிலேயே இருந்தது; தலையோடு அதுவும் போயிற்று.

ஏலக்காய்க்குத் தரம் வகுத்தவர்கள் நாம். ‘ஆலப்பி பச்சை’ என்னும் வகைகளில் காயின் பருமன் எத்தனை மில்லிமீட்டர், ஒரு லிட்டர் அளவுக்குக் காய் எத்தனை கிராம் நிறுக்க வேண்டும் என்றெல்லாம் அக்மார்க் விதிகள் கூறுகின்றன. அதற்கு ஆதாரமான சட்டம் 1937-ஆம் ஆண்டில் வந்தது. நெசவிலும் அப்படியே. நாற்பதாம் நம்பர் நூல் என்றால், 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு நிறுக்க வேண்டும் என்பது நம்பரின் பொருள். நூற்பாலைக்காரர் கோயமுத்தூரில் இருந்தாலும், நெசவாளி ஆண்டிபட்டிப் பக்கத்துச் சக்கம்பட்டியில் இருந்தாலும், நாற்பது என்றால் நாற்பதுதான். காய்க்கும் நூலுக்கும் இருக்கிற இந்தப் பொதுமொழி, அவற்றைப் பற்றிய காகிதத்துக்கு ஏன் இல்லை?

காகிதத்துக்கும் ஒரு காலத்தில் இருந்தது என்பதை இளைஞர்கள் அறியார். கிராமக் கணக்குகளுக்கு எண் உண்டு. இரண்டாம் நம்பர் கணக்கு என்றால் அடங்கல். பத்தாம் நம்பர் என்றால் சிட்டா. தஞ்சாவூரிலும் அதே எண், போடியிலும் அதே எண். எந்தப் பத்தியில் என்ன எழுத வேண்டும், பசலி எப்போது முடியும், ஜமாபந்தியில் யார் சரிபார்ப்பார் என்பதெல்லாம் எழுதப்பட்ட விதி. பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தது. ஆனால் அக்கணக்குகளின் எண்ணும் படிவமும் ஒழியாமல் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்து சேர்ந்தன. ஆள் மாறியும் கணக்கு மாறவில்லை. (உள்ளே எழுதப்பட்டது யாவும் மெய்யென்று நாம் சத்தியம் செய்ய முன்வரவில்லை, படிவம் நேராயிருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளுகிறோம்.)

அந்த முறையைத்தான் கணினிப் பட்டியலுக்கும் கொண்டுவர வேண்டும் என்கிறோம். சங்கத்தில் வழங்கும் ஒவ்வொரு பட்டியலுக்கும் ஓர் எண்ணும் ஒரு பெயரும் இருக்கட்டும். ‘கடன் ஸ்டேட்மெண்டு புதிது’, ‘கடன் ஸ்டேட்மெண்டு கடைசி’, ‘கடன் ஸ்டேட்மெண்டு கடைசி சரியானது’ என்று பெயரிட்டு வைத்திருக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இந்தப் பெயர்கள் நாம் நகைச்சுவைக்காகப் புனைந்தவையல்ல, கண்ணால் கண்டவை.

பெயருக்கு அடுத்தபடி காலம். ‘இந்த ஆண்டு’ என்று ஒரு பட்டியலின் தலைப்பில் போட்டிருந்தால் எந்த ஆண்டு என்று கொள்ளுவது? சங்கத்தின் கணக்காண்டு ஏப்ரல் முதல் மார்ச்சு வரை. ஏலக்காய்ப் பருவத்தை ஆகஸ்டு முதல் ஜூலை வரை எண்ணுகிறார்கள். வருவாய்த் துறைப் பசலி ஜூலை முதல் தேதி தொடங்கி ஜூன் முப்பதில் முடிகிறது. ஆங்கில ஆண்டு ஜனவரியில் பிறக்கிறது. இந்த நால்வகை ஆண்டுகளில் எதுவும் எழுதாமல் ‘2024’ என்று மட்டும் அச்சிட்ட பட்டியலும் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் காய் மும்முரமாக எடுக்கும் நம் மலைச் சரிவுகளில், கணக்கை மார்ச்சில் முறிப்பதற்கும் ஜூலையில் முறிப்பதற்கும் உள்ள வேற்றுமை சிறிதன்று. ஆகவே ‘எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை’ என்பது முழுமையாக இருக்க வேண்டும். பட்டியல் எந்த நாள், எந்த மணிக்கு எடுக்கப்பட்டது என்பதும் இருக்க வேண்டும். காலையில் எடுத்ததற்கும் மாலையில் எடுத்ததற்கும் இடையே இருபது ரசீது போட்டிருப்பார்கள். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கமிட்டியில் சண்டையிட்டவர்களை நாம் அறிவோம்.

அளவின் பெயரும் அப்படியே. பச்சைக் காயா, காய்ந்த காயா? ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் ஸ்டோரில் உலர்ந்தால் ஒரு கிலோ ஆகிறது. இதைச் சொல்லாத பட்டியலில் ஒன்று ஐந்தாகும்; ஐந்து ஒன்றாகும். நெசவுப் பட்டியலில் சேலை எண்ணிக்கையா, மீட்டரா? கூலி என்று இருப்பது முழுக் கூலியா, சேமிப்பு நிதிப் பிடித்தம் போகக் கைக்கு வந்ததா? நெசவாளி தன் பாஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து மனம் புழுங்குவதெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரு சொல் விடுபட்டதால்தான்.

இனிச் சராசரிக்கு வருவோம். இங்கேதான் பணம் கைமாறுகிறது. ஓர் எடுத்துக்காட்டாக, ஒரே நாளில் இரண்டு ஏலங்கள் நடந்தன என்று வைத்துக்கொள்ளுவோம். முதலாவதில் 10,000 கிலோ விற்றுச் சராசரி 2,400 ரூபாய். இரண்டாவதில் 40,000 கிலோ விற்றுச் சராசரி 2,200 ரூபாய். அன்றைய சராசரி என்ன? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 2,300 என்பார் அவசரக்காரர். கிலோவைக் கணக்கில் கொண்டு பார்த்தால் 2,240 தான். கிலோவுக்கு அறுபது ரூபாய் வேற்றுமை. 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 3,000 ரூபாய். இந்த 2,300-ஐ நம்பி ஒரு சங்கம் முன்பணம் கொடுத்தால் நஷ்டம் சங்கத்துக்கு. இதே பிழை மறுபக்கம் சாய்ந்தால் நஷ்டம் விவசாயிக்கு. ‘சராசரி’ என்று எழுதும் ஒவ்வோரிடத்திலும், எப்படிக் கணக்கிட்ட சராசரி என்று ஒரு வரி எழுதுவதற்கு மை எவ்வளவு செலவாகும்?

வெற்றிடமும் பூச்சியமும் ஒன்றல்ல என்பதை இன்னும் பலர் உணரவில்லை. ஐந்து விவசாயிகளில் மூவர் 40, 60, 50 கிலோ கொண்டுவந்தனர். மற்ற இருவர் கணக்கு இன்னும் பதிவாகவில்லை. அவ்விடத்தைக் காலியாக விட்டால் கணினி மூவரை மட்டும் எண்ணிச் சராசரி 50 என்னும். பூச்சியம் போட்டால் ஐவரையும் எண்ணி 30 என்னும். இரண்டும் கணக்கில் சரி. கமிட்டிக்கு எது வேண்டும் என்று முன்னமே எழுதி வைக்காவிட்டால் எந்த விடையும் சரியன்று. எட்கர் காட் என்பார் 1970-இல் பேரேடுகளை அட்டவணைகளாக அமைத்து ஒன்றோடொன்று தொடுக்கும் முறையை வகுத்துத் தந்தார். இன்றைய கணினிக் கணக்குகள் பெரும்பாலும் அம்முறையிலேயே நிற்கின்றன. அம்முறையிலும் ‘தெரியாதது’ வேறு, ‘இல்லாதது’ வேறு. நம் பழைய கணக்குப்பிள்ளைகளும் தெரியாத இடத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டே மேலே சென்றார்கள்.

விற்பனை அளவு என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ஏலத்தில் வாங்கிய காயையே வியாபாரிகள் மீண்டும் ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்பது விவசாயிகளின் நெடுநாளைய முறையீடு. அப்படி வந்த காய் இரு முறை எண்ணப்படும். ஆதலால் ஏலத்தில் விற்ற கிலோவை எல்லாம் கூட்டி ‘இவ்வாண்டு விளைச்சல் இவ்வளவு’ என்று எழுதுவது பிழை. விளைச்சல் மிகுதி என்ற பேச்சுப் பரவினால் விலை இறங்கும். இறங்கினால் இழப்பது யார் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பட்டியலில் எது அடங்கும் என்பதைப் போலவே எது அடங்காது என்பதையும் எழுத வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேதான்.

எழுதி வைப்பதன் பயனுக்கு நம் இயக்கத்தின் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1951-52-இல் ரிசர்வ் வங்கியின் சார்பில் நடந்த அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வு, விவசாயி பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவிகிதமே என்று கண்டது. 1904-இல் சட்டம் வந்து அரை நூற்றாண்டு கழிந்தும் இவ்வளவுதானா என்று எல்லோரும் திடுக்கிட்டனர். ஆயினும் அந்த எண்ணைத் தள்ள முடியவில்லை. எத்தனை கிராமம், எத்தகைய குடும்பம், கடன் என்பதில் எது சேரும் என்றெல்லாம் ஆய்வுக் குழு விரிவாக எழுதி வைத்திருந்ததே அதற்குக் காரணம். கசப்பான எண்ணாயினும் கணக்கிட்ட வழி தெரிந்தால் அதன்மேல் திட்டம் வகுக்கலாம். அப்படியே வகுத்தார்கள்.

‘இரண்டு ஊழியர் உள்ள சிறு சங்கத்தில் இதற்கெல்லாம் நேரமேது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாம் கேட்பதும் பெரிதன்று. ஒரு நோட்டுப் புத்தகம். பட்டியலுக்கு ஒரு பக்கம். அதில் பட்டியலின் எண், பெயர், அதை யார் கேட்டார், எந்த முடிவுக்காகக் கேட்டார், எந்தப் பேரேடுகளிலிருந்து எடுப்பது, எதைச் சேர்ப்பது, எதை விடுவது, சராசரியும் மொத்தமும் எப்படிக் கணக்கிடுவது, யார் செய்தது, யார் சரிபார்த்தது என்னும் விவரங்கள். கணினிக்குக் கொடுத்த கட்டளை வரிகளையும் அச்சிட்டு அப்பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். பின்னால் ஒரு மாற்றம் செய்தால் தேதியும் காரணமும் எழுதிப் பழையதை அடிக்காமல் வைத்திருக்க வேண்டும். சிறு சங்கமொன்றில் உண்மையாகப் பயன்படும் பட்டியல்கள் இருபதுக்கு மேல் இரா. எஞ்சியவை ஒருவரும் படியாதவை. அவற்றை நிறுத்திவிட்டால் மிஞ்சும் நேரமே இந்த நோட்டுக்குப் போதும்.

சரிபார்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக ஒரு பட்டியலைக் கமிட்டியின் முன் வைக்குமுன், பத்து அங்கத்தினரின் கணக்கைக் கையால் கூட்டிப் பார்க்க வேண்டும். மொத்தம் பொதுப் பேரேட்டின் மொத்தத்தோடு ஒத்திருக்க வேண்டும். மேற்சொன்ன 1,50,000 ரூபாய்ப் பட்டியலின் மொத்தத்தை ஐந்தொகையோடு ஒரு முறை வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் பிழை அகப்பட்டிருக்கும். பட்டியலைச் செய்தவரே அதைச் சரிபார்ப்பது கூடாது. நெய்தவனே மடி பார்த்துத் தரம் போடுவதைச் சங்கம் ஒப்புக்கொள்ளுவதில்லையே!

அரசாங்க மென்பொருளில் பட்டியல்கள் முன்பே அமைந்திருக்கின்றன, நமக்கு இது எதற்கு என்பது மற்றொரு கேள்வி. அமைந்த பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டால் தொல்லை குறைவுதான். ஆனால் நடப்பது என்ன? அதை எக்செலில் இறக்கி, இரண்டு பத்தியை நீக்கி, ஒன்றைச் சேர்த்து, தெரிந்தவருக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறார்கள். அதிலிருந்து இன்னொருவர் மற்றொன்று செய்கிறார். மூன்றாம் கைக்கு வரும்போது மூலம் எதுவென்று தெரிவதில்லை. நம் அபிப்பிராயத்தில், கமிட்டிகளில் எழும் எண் தகராறுகளில் பெரும்பகுதி இவ்வகைப் பிரதிகளால் விளைபவையே. பட்டியல் எண்ணும் எடுத்த நேரமும் இல்லாத எந்தக் காகிதத்தையும் கமிட்டி பார்வைக்கு ஏற்பதில்லை என்று ஒரு தீர்மானம் போட்டாலே பாதி நோய் தீரும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டியல் தமிழில் இருக்க வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் எந்த எழுத்துரு? 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின் பின்னர் அரசு எழுத்துத் தரம் வகுத்தது. 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது. அதற்கு முன் தனியார் எழுத்துருக்களில் செய்த பட்டியல்களை இன்று திறந்தால் கட்டமும் கேள்விக்குறியுமாகத் தெரிகின்றன. பழைய சுவடியைப் பூச்சி அரித்தாலும் மிச்சம் படிக்கலாம்; இவற்றில் மிச்சமும் இல்லை. இனிச் செய்பவை யாவும் யூனிகோடிலேயே இருக்கட்டும். அங்கத்தினரைப் பெயரால் அல்லாமல் அங்கத்தினர் எண்ணால் அடையாளம் காட்டட்டும். தலைப்பெழுத்தை முன்னே போட்டு ஒரு முறையும் பின்னே போட்டு ஒரு முறையும் பதிந்து, ஒரே கருப்பையா இருவராக நிற்பது நமக்குப் புதிதன்று.

அறிவிப்புப் பலகையில் ஒட்டும் பட்டியலில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசி எண் ஆகியவற்றை அச்சிடும் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும். தனிப்பட்ட விவரங்களைப் பாதுகாப்பதற்கென்றே 2023-இல் மத்திய சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிடினும், அடுத்த வீட்டான் கடன் எவ்வளவு என்று தெருவுக்கு அறிவிப்பது நம் ஊர் மரியாதைக்கு ஒவ்வாதது. கமிட்டிக்கு ஒரு பட்டியல், பலகைக்கு ஒன்று, அங்கத்தினர் கைக்கு ஒன்று என்று யார் எதைப் பார்க்கலாம் என்பதும் நோட்டின் அதே பக்கத்தில் இருக்கலாம்.

இதை மேலிருந்து சுற்றறிக்கை வரட்டும் என்று காத்திருப்பதைவிட, நம் பக்கத்துச் சங்கங்கள் நான்கைந்து கூடிப் பொதுப் படிவம் ஒன்றை வகுத்துக்கொள்ளுவதே மேல் என்று கருதுகிறோம். கடன் நிலுவை, காய் வரவு, விற்பனைப் பட்டுவாடா, நூல் இருப்பு, நெசவுக் கூலி என்னும் இந்த ஐந்து பட்டியல்களோடு தொடங்கினால் போதும். வரும் மகாசபைக்கு முன்னதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காரியதரிசிகளும் இரண்டிரண்டு அங்கத்தினரும் கூடினால் ஒரு பகலில் முடிகிற வேலை. அங்கத்தினர்கள் தம் வீட்டில் கிடக்கும் பழைய பட்டியல்களில் தமக்குப் புரியாதவற்றைக் கொண்டுவந்தால், எந்தப் பத்திக்கு விளக்கம் வேண்டும் என்பதை அவற்றைக் கொண்டே தீர்மானித்துக்கொள்ளலாம்.